இழைக்குரிய மாறிகளும் இடைச்செருகிய அசெம்பிளிக் கட்டளைகளும்

கணிப்பொறிக்கு இடப்படும் கட்டளைகளை இன்று பெரும்பாலோர் ஸி போன்ற உயர்நிலை மொழிகளிலேயே எழுதுகின்றனர். அவற்றைப் பொறி அறியும் மொழியில் பெயர்த்துத் தரும் நிரலுக்குக் கம்பைலர் என்று பெயர். எனினும், பொறிக்கே உரிய சிறப்புக் கட்டளை ஒன்றை நேரடியாக உபயோகிக்க வேண்டிய சந்தர்ப்பங்களில், உயர்நிலை மொழி நிரலின் நடுவே அசெம்பிளி மொழியில் சில வரிகளைச் செருகுவது வழக்கமாக உள்ளது. இவ்வரிகளை இடைச்செருகல் எனக் குறிக்கலாம். பல வேலைகளை ஒரே சமயத்தில் நடத்தும் நிரல்களில், இத்தகைய இடைச்செருகல் ஒரு குறிப்பிட்ட வகை மாறியைத் தொடும்போது கணக்குகள் பிழைபட நேரிடுகிறது. அப்பிழை பல வேளைகளில் உடனே வெளிப்படுவதில்லை என்பதே இதிலுள்ள அபாயம். அதன் காரணத்தையும் அதைத் தவிர்க்கும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலாசம் மாறாதிருந்த காலம்

அணுசக்தித் துறையின் கீழ் 1967ஆம் ஆண்டில் ஹைதராபாத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பெற்றது. டிராம்பேயிலுள்ள அணு ஆராய்ச்சி மையத்தில் உருவாக்கப்பட்ட டி.டி.ஸி.-12 என்னும் கணிப்பொறி 1969இல் வெளிவந்தது; அவ்வரிசைப் பொறிகளை ஹைதராபாத் நிறுவனம் தயாரித்தளித்தது. டி.டி.ஸி.-12 பொறியில் ஒரு சொல்லின் அளவு 12 பிட்டுகள். பின்னர் வந்த டி.டி.ஸி.-316 பொறியில் அது 16 பிட்டுகளாக உயர்ந்தது.

அக்காலத்துச் சிறு கணிப்பொறிகளுக்குப் பெரும்பாலும் பொறியின் மொழிக்கு மிக நெருங்கிய மொழியிலேயே நிரல்கள் எழுதப்பட்டன. நிரல் எழுதுவோர் ஒரு கணியத்துக்கு நினைவகத்தில் ஓரிடத்தை ஒதுக்கினால், அவ்விடத்தின் எண் நிரல் முடியும்வரை மாறாது. அவ்வெண்ணே அக்கணியத்தின் விலாசம். பெயரும் விலாசமும் ஒன்றுக்கொன்று நேரானவை. பெயரைத் தெரிந்தவருக்கு விலாசமும் தெரியும். இந்த எளிய உறவு இன்றைய பொறிகளில் எல்லா மாறிகளுக்கும் பொருந்துவதில்லை. பிழைக்கு மூலகாரணம் இதுவேயாகும்.

இழை என்பது யாது?

இன்றைய செயலிச் சில்லு ஒன்றில் பல கணிப்பகங்கள் அமைந்துள்ளன. ஒரே நிரல் தன் வேலையைப் பல கூறுகளாகப் பிரித்து, அவற்றைச் சேர்ந்தாற்போல் நடத்த முடியும். இவ்வாறு தனித்தனியே ஓடும் கூறு ஒவ்வொன்றுக்கும் இழை அல்லது திரெட் என்று பெயர். ஒரு நிரலின் எல்லா இழைகளும் ஒரே நினைவகத்தைப் பொதுவாக உபயோகிக்கின்றன.

ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை நிலையம் 2007 முதல் இயங்கி வருகிறது. கடல்மட்டம் பற்றிய அளவுகளை இடைவிடாது பெற்று ஆராய்வது அத்தகைய நிலையத்தின் பணிகளுள் ஒன்று. இவ்வகைப் பணிக்கென எழுதப்பட்ட கற்பனை நிரல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் பத்து இழைகள் உள்ளன. ஒவ்வோர் இழையும் ஒரு கருவியிலிருந்து வரும் அளவுகளைப் பெறுகிறது. சிதைந்து வந்த செய்திகள் எத்தனை என்பதை எண்ணிவரும் மாறி ஒன்றும் நிரலில் உள்ளது.

அம்மாறி பத்து இழைகளுக்கும் பொதுவானதாயின் இரண்டு கேடுகள் விளையும். முதலாவதாக, எந்தக் கருவி பழுதுபட்டது என்பதை எண்ணிக்கை காட்டாது. இரண்டாவதாக, எண்ணிக்கையே தவறிப்போகும். மாறியில் 40 என்ற எண் இருக்கையில் இரண்டு இழைகள் ஏறக்குறைய ஒரே கணத்தில் அதைப் படித்தால், இரண்டும் 40உடன் 1 கூட்டி 41 என்றே திருப்பி எழுதும். நேர்ந்த சிதைவுகள் இரண்டு. கணக்கில் ஏறியது ஒன்று.

இதற்குப் பரிகாரமாக, ஒரே பெயருடைய மாறிக்கு இழைதோறும் ஒரு தனிப்படி அளிக்கப்படுகிறது. இதுவே இழைக்குரிய மாறி எனப்படும். ஜி.ஸி.ஸி. என்ற கம்பைலரின் 3.3ஆம் பதிப்பில், 2003இல், இவ்வசதி இடம்பெற்றது. ஸி மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரநிர்ணயம் இதை மொழியின் ஓர் அங்கமாகவே ஏற்றுக்கொண்டது. ஸி மொழியில் பிழை எண்ணைத் தாங்கும் 'எர்நோ' என்பதும் இன்று இழைதோறும் தனித்தனியே வைக்கப்படுகிறது. இல்லையேல் ஓர் இழையில் நேர்ந்த பிழைக்கு மற்றோர் இழை பொறுப்பேற்க நேரிடும்.

ஒரே பெயர், பல விலாசங்கள்

ஓர் அலுவலகத்தில் 'கூடத்தின் வடமேற்கு மூலையிலுள்ள அலமாரியில் கோப்பை வைக்கவும்' என்று உத்தரவிட்டால், எல்லா எழுத்தர்களும் ஒரே அலமாரிக்குச் செல்வர். 'அவரவர் மேஜையின் இரண்டாம் இழுப்பறையில் வைக்கவும்' என்று உத்தரவிட்டால், சொற்கள் ஒன்றாக இருப்பினும் கோப்புகள் வெவ்வேறு இடங்களைச் சேரும். பொது மாறி முதல் வகையைச் சார்ந்தது. இழைக்குரிய மாறி இரண்டாம் வகையைச் சார்ந்தது.

'அவரவர் மேஜை' எது என்பதைப் பொறிக்கு அறிவிக்க ஒரு தனிப் பதிவகம் ஒதுக்கப்பட்டுள்ளது. பதிவகம் என்பது செயலிக்குள்ளேயே அமைந்த மிகச் சிறிய, மிக விரைவான எண் அறையாகும். லினக்ஸ் இயக்க முறைமையில், எக்ஸ் 86-64 வகைச் செயலிகளில் எஃப்.எஸ். என்ற பதிவகம் இதற்கு உபயோகமாகிறது. 64 பிட் ஆர்ம் செயலிகளில் இதற்கெனத் தனியான ஓர் அமைப்புப் பதிவகம் உண்டு. ரிஸ்க்-ஃபைவ் வகைச் செயலிகளில் 32 முழுவெண் பதிவகங்களுள் எக்ஸ் 4 என்னும் எண்ணுடையது, டி.பி. என்ற பெயரில், இப்பணிக்கே ஒதுக்கிவைக்கப்பட்டுள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி செயலிகளும், திருவனந்தபுரம் ஸி-டாக் மையத்தில் உருவான வேகா செயலிகளும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுவன. ஆகவே இவ்விஷயம் இந்தியச் செயலிகளுக்கு நிரல் எழுதுவோருக்கும் நேரடியாகத் தொடர்புடையது.

இழையொன்று தொடங்கும்போது அதற்கென நினைவகத்தில் ஒரு பகுதி ஒதுக்கப்படுகிறது. மாறிகளின் தொடக்க மதிப்புகள் ஒரு மூலப்படியிலிருந்து அதில் பிரதி எடுக்கப்படுகின்றன. அப்பகுதியின் அடிவிலாசம் மேற்கூறிய பதிவகத்தில் வைக்கப்படுகிறது. செயலி ஓர் இழையை நிறுத்தி மற்றோர் இழையை ஓட்டும்போது, இயக்க முறைமை இப்பதிவகத்தையும் மாற்றிவிடுகிறது.

ஓர் எளிய கணக்கு இதைத் தெளிவாக்கும். முதல் இழையின் அடிவிலாசம் 7000 என்றும், இரண்டாம் இழையின் அடிவிலாசம் 9000 என்றும் கொள்ளலாம். நம் எண்ணிக்கை மாறி அடியிலிருந்து 8 பைட் தொலைவில் இருப்பின், முதல் இழைக்கு அதன் விலாசம் 7008. இரண்டாம் இழைக்கு 9008. நிரலில் நிலையாக எழுதிவைக்கக்கூடியது 8 என்ற தொலைவு மட்டுமே. முழு விலாசம் யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. எக்ஸ் 86-64 பொறிகளில் மாறிகள் அடிவிலாசத்துக்குக் கீழே வைக்கப்படுவதால் தொலைவு குறை எண்ணாக வரும், முறை ஒன்றே.

முத்திரையிட்ட உறை

ஸி மொழியில் எழுதப்பட்ட வரிகளில் இழைக்குரிய மாறியின் பெயர் வந்தால், கம்பைலர் அதன் வகையை அறிந்து, அடிவிலாசத்தோடு தொலைவைக் கூட்டும் கட்டளைகளைத் தானே எழுதிவிடும். நிரல் எழுதுவோர் கவலைப்பட வேண்டியதில்லை. இடைச்செருகலில் நிலைமை வேறு.

ஜி.ஸி.ஸி. முதலிய கம்பைலர்களில் இடைச்செருகல், முத்திரையிட்ட உறை போன்றது. உறைக்குள் எழுதப்பட்டுள்ள அசெம்பிளிக் கட்டளைகளின் பொருளை ஜி.ஸி.ஸி. ஆராய்வதில்லை. அதற்கென விடப்பட்ட வெற்றிடங்களை நிரப்பி, எஞ்சியதை அப்படியே அடுத்த நிலைக்கு அனுப்பிவிடுகிறது. எல்.எல்.வி.எம். கம்பைலரும் தன் திட்டங்களை வகுக்கும்போது உறையின் உள்ளடக்கத்தைக் கருதுவதில்லை. கம்பைலர் நம்புவது உறையின் மேல் ஒட்டப்பட்ட குறிப்பை மட்டுமே. அக்குறிப்பில் மூன்று பட்டியல்கள் உண்டு:

1. வெளியீடுகள்: இடைச்செருகல் எந்த மாறிகளுக்குப் புதிய மதிப்பு தருகிறது.

2. உள்ளீடுகள்: எந்த மதிப்புகள் அதற்கு வேண்டும், அவை பதிவகத்தில் வேண்டுமா, நினைவகத்தில் வேண்டுமா.

3. கலைபடுவன: வேறு எந்தப் பதிவகங்கள் மாறும், குறிப்பிடப்படாத நினைவகம் தொடப்படுமா.

குறிப்பு உண்மையாயின் கம்பைலர் அதற்கேற்ப முன்னேற்பாடு செய்யும். குறிப்பில் விடுபட்டது எதுவோ, அது நடக்கவே நடக்காது என்று கம்பைலர் கொள்ளும்.

பெயரை நேரே எழுதுவதால் வரும் பிழை

அனுபவம் குறைந்தோர் செய்யும் முதல் தவறு, உறைக்குள் மாறியின் பெயரை நேரடியாக எழுதிவிடுவதாகும். பொது மாறிகளில் இது சில வேளைகளில் பலிப்பதுண்டு. இழைக்குரிய மாறியில் பலிக்காது. பெயரைக் கம்பைலர் படிக்காததால், அடிவிலாசத்தைக் கூட்டும் கட்டளைகளும் எழுதப்படுவதில்லை. 'அவரவர் மேஜையின்' என்ற சொற்கள் விடுபட்டு, 'இரண்டாம் இழுப்பறை' என்பது மட்டும் எஞ்சிய உத்தரவுக்கு இது ஒப்பாகும்.

வெவ்வேறு கோப்புகளிலிருந்து வரும் பகுதிகளை இணைக்கும் இணைப்பி என்ற நிரல், இழைக்குரிய மாறி ஒன்றை மற்றொரு கோப்பு சாதாரண மாறியாகக் கருதியிருப்பதைக் கண்டால், இரண்டும் பொருந்தவில்லை என்று அறிவித்து வேலையை நிறுத்திவிடும். இவ்வகைப் பிழை ஆரவாரத்துடன் வருவதால் அதிகக் கேடு விளைவதில்லை.

சரியான முறை, மாறியை உறைக்குள் எழுதாமல் மேற்குறிப்பின் வழியாக ஒப்படைப்பதாகும். எண்ணிக்கை மாறியில் 1 கூட்ட வேண்டுமாயின், அம்மாறி நினைவகத்தில் உள்ளது, படிக்கவும்படும், எழுதவும்படும் என்று குறிப்பில் தெரிவித்து, உறைக்குள் ஒரு வெற்றிடம் மட்டும் விடவேண்டும். கம்பைலர் எக்ஸ் 86-64 பொறியில் அவ்விடத்தில் எஃப்.எஸ். பதிவகத்தையும் தொலைவையும் சேர்த்தே நிரப்பும். ரிஸ்க்-ஃபைவ் பொறியில் நினைவகக் கட்டளையொன்று ஒரு பதிவகத்தையும், 12 பிட் அளவிலான தொலைவையும் மட்டுமே ஏற்கும். அதாவது, 2048 பைட் பின்னேயும் 2047 பைட் முன்னேயும்தான் எட்டமுடியும். ஆகவே கம்பைலர் உறைக்கு முன்னதாகவே டி.பி. பதிவகத்தோடு தொலைவைக் கூட்டி, விடையை ஒரு பதிவகத்தில் வைத்து, அதை வெற்றிடத்தில் நிரப்பும். ஒரே நிரல் இரு பொறிகளிலும் சரியாக அமைவது இதனாலேயே.

நிரல் ஓடும்போது இணைக்கப்படும் பொது நிரல் தொகுதிகளில் தொலைவும்கூட முன்னதாகத் தெரியாதிருக்கலாம். அங்கே விலாசத்தைக் கண்டறிய ஒரு துணைநிரலை அழைக்க வேண்டும். விலாசம் காணும் முறைகள் இங்ஙனம் நான்கு வகைப்படும். எது பொருந்தும் என்பதைக் கம்பைலரும் இணைப்பியும் முடிவு செய்கின்றன. மாறியைக் குறிப்பின் வழியே ஒப்படைத்தால் நான்கில் எது தேவைப்பட்டாலும் உறையை மாற்றி எழுத வேண்டியதில்லை. நிரல் எழுதுவோர் தாமே ஒரு முறையைத் தேர்ந்து உறைக்குள் எழுதிவிட்டால், நிரல் வேறு வடிவில் இணைக்கப்படும் நாளில் அது உதவாமற்போகும்.

ஓசையின்றி நேரும் பிழைகள்

இணைப்பியின் பார்வைக்குத் தப்பும் பிழைகளே மிகுந்த கேடு பயப்பன. அவற்றுள் நான்கு முக்கியமானவை.

முதலாவது: மாறியின் விலாசத்தை மட்டும் உள்ளீடாகக் கொடுத்து, உறைக்குள் அவ்விலாசத்தில் எழுதுவது. ஓர் எண்ணை உறை பெறுகிறது என்பதே கம்பைலருக்குத் தெரியும்; அவ்வெண் சுட்டும் இடத்தில் மதிப்பு மாறுகிறது என்பது தெரியாது. எனவே மாறியின் பழைய மதிப்பைத் தான் பதிவகத்தில் வைத்திருந்தால் அதையே தொடர்ந்து உபயோகிக்கும். மாறியையே வெளியீடாக அறிவிக்கவேண்டும். அல்லது நினைவகம் கலைபடும் என்று மூன்றாம் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

இரண்டாவது: விலாசம் காணும் துணைநிரலை உறைக்குள்ளிருந்தே அழைப்பது. அழைக்கப்படும் துணைநிரல் பல பதிவகங்களை மாற்ற உரிமை பெற்றது. அவற்றைப் பட்டியலில் சேர்க்காவிடில், கம்பைலர் அங்கே வைத்திருந்த மதிப்புகள் அழியும். லினக்ஸ் போன்ற முறைமைகளில், எக்ஸ் 86-64 பொறியில் அடுக்கு நினைவகத்தின் உச்சிக்கு அப்பால் 128 பைட் இடத்தைக் கம்பைலர் தன் சொந்த உபயோகத்துக்குக் கொள்ள அனுமதி உண்டு. உறைக்குள் நிகழும் அழைப்பு அவ்விடத்தின் மீதும் எழுதிவிடும். இக்காரணங்களால், விலாசம் காண்பதைக் கம்பைலரிடம் விட்டுவிடுவதே நன்று.

மூன்றாவது: ஓர் இழையில் கண்ட விலாசத்தைச் சேமித்துவைத்து மற்றோர் இழையில் உபயோகிப்பது. மேற்கண்ட கணக்கில் 7008 என்ற விலாசத்தை இரண்டாம் இழை பெற்றால், அது முதல் இழையின் எண்ணிக்கையையே மாற்றும். ஒரு செயற்கூறு தொடங்கிய இழையிலேயே முடியும் என்ற அனுமானத்தில் கம்பைலரும் சில வேளைகளில் விலாசத்தை ஒருமுறை கண்டு, மறுமுறையும் அதையே எடுத்தாளும். நடுவில் நின்று வேறோர் இழையில் தொடரக்கூடிய செயற்கூறுகள் வழக்கத்துக்கு வந்தபின் இவ்வனுமானம் பொய்த்தது. இழைக்குரிய மாறியின் விலாசம் காண்பதைத் தனிச்செயலாகக் குறிக்கும் வசதி எல்.எல்.வி.எம். கம்பைலரில் 2022இல் சேர்க்கப்பட்டது இதன் பொருட்டேயாகும்.

நான்காவது: இழையின் அடிவிலாசத்தைப் படிக்கும் இடைச்செருகல் சாதாரணமானதே என்று அறிவிப்பது. வெளியீடு உடைய இடைச்செருகலைக் கம்பைலர் இடம் மாற்றலாம். ஒரே மாதிரியான இரண்டை ஒன்றாக்கலாம். விடை பயன்படாதபோது நீக்கியும்விடலாம். அவ்வாறு நீக்கவோ ஒன்றாக்கவோ கூடாத இடங்களில் 'வாலட்டைல்' என்ற அடைமொழியைச் சேர்க்கவேண்டும்.

இப்பிழைகளுக்குப் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. ஒரே இழையை வைத்துச் சோதித்தால் இவற்றுட் சில தலைகாட்டா. கம்பைலர் சீர்செய்யும் அளவை உயர்த்தும்வரை வேறு சில மறைந்திருக்கும். கற்பனை நிலையத்தில் ஐந்தாம் கருவி பழுதுபட்டிருக்க, கணக்கு ஏழாம் கருவியைச் சுட்டக்கூடும். பழுதில்லாத கருவியைத் தேடிப் பணியாளர் படகில் செல்வார். பழுதுபட்டதோ தன் இடத்திலேயே இருக்கும்.

பதிவகப் பங்கீடும் ஹைதராபாத் ஆராய்ச்சியும்

உறையின் மேற்குறிப்பைக் கம்பைலரில் மிகுதியும் உபயோகித்துக்கொள்வது பதிவகப் பங்கீடு என்ற பகுதியாகும். நிரலில் மாறிகள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். எக்ஸ் 86-64 பொறியில் பொதுப் பதிவகங்கள் 16 மட்டுமே. எந்த மதிப்பு எந்தப் பதிவகத்தில் எவ்வளவு நேரம் தங்கலாம் என்பதை இப்பகுதி முடிவு செய்கிறது. இடைச்செருகலின் பட்டியல்கள் இதற்கு மீறமுடியாத நிபந்தனைகள். இழைக்கென ஒதுக்கிய பதிவகத்தையும் இது பங்கிடக்கூடாது.

ஹைதராபாத் ஐ.ஐ.டி. 2008இல் தொடங்கப்பெற்றது, இன்று சங்காரெட்டி மாவட்டத்துக் கந்தி என்ற ஊரில் இயங்குகிறது. அங்குள்ள கம்பைலர் ஆராய்ச்சிக் குழுவினர், பேராசிரியர் ராமகிருஷ்ண உபத்ரஷ்டாவின் வழிகாட்டலில், எல்.எல்.வி.எம். அமைப்பை ஆதாரமாகக் கொண்டு பணியாற்றி வருகின்றனர். நிரல்களை எண்வரிசைகளாக உருவகித்து ஆராயும் ஐ.ஆர்.2வெக் என்னும் முறையை அவர்கள் 2020இல் வெளியிட்டனர். பதிவகப் பங்கீட்டைப் பொறியே பயின்று கற்கும் முறை ஒன்றை, பிறருடன் சேர்ந்து, 2023இல் வெளியிட்டனர். எக்ஸ் 86, 64 பிட் ஆர்ம் ஆகிய இரு வகைப் பொறிகளுக்கும் அது அமைக்கப்பட்டது. பயிற்சியினால் பொறி எதைத் தேர்ந்தாலும், நிரலின் பொருள் மாறாதிருப்பதற்கான நிபந்தனைகள் முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கவேண்டும் என்பது அம்முறையின் முக்கிய அம்சம். பங்கிடுவது பழைய முறையாயினும் புதிய முறையாயினும், நிபந்தனைகள் உண்மையாக இருந்தால்தான் முடிவும் உண்மையாக இருக்கும். இடைச்செருகலின் நிபந்தனைகளை எழுதித்தருவது மனிதரின் பொறுப்பு.

ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்

வகுப்பில் இதை விளக்க விலையுயர்ந்த சாதனம் எதுவும் தேவையில்லை. லினக்ஸ் இயங்கும் சாதாரணக் கணிப்பொறி போதும். பின்வரும் வரிசையில் செய்துகாட்டலாம்.

1. இரண்டு இழைகள் கொண்ட ஸி நிரலை எழுதி, ஒரு பொது மாறியை ஒவ்வோர் இழையும் பத்து லட்சம் முறை கூட்டச் செய்யவும். கம்பைலர் சீர்செய்யாத நிலையில் பெரும்பாலும் விடை இருபது லட்சத்துக்குக் குறைவாக வரும்.

2. அம்மாறியை இழைக்குரியதாக அறிவித்து மீண்டும் ஓட்டவும். ஒவ்வோர் இழையும் சரியாகப் பத்து லட்சம் என்று காட்டும்.

3. இரு இழைகளும் மாறியின் விலாசத்தை அச்சிடச் செய்யவும். ஒரே பெயருக்கு இரு விலாசங்கள் இருப்பதை மாணவர் கண்ணாரக் காண்பர்.

4. கூட்டலை இடைச்செருகலாக மாற்றி, மாறியைக் குறிப்பின் வழியே ஒப்படைக்கவும். கம்பைலர் எழுதிய அசெம்பிளிப் பிரதியை வரவழைத்து, அதில் எஃப்.எஸ். அல்லது டி.பி. பதிவகம் எங்கே சேர்க்கப்பட்டுள்ளது என்று தேடச் சொல்லவும்.

கருவிகளின் நிரல்களைப் பராமரிக்கும் களப்பணியாளர்கள், பழைய நிரலொன்றைப் புதிய செயலிக்கு மாற்றும்போது இடைச்செருகல் வரிகளை முதலில் பார்வையிடுவது நலம். கம்பைலரே அளிக்கும் உள்ளமைந்த செயற்கூறுகளால் அவ்வேலை நிறைவேறுமாயின், இடைச்செருகலை நீக்கிவிடலாம். நீக்க இயலாத இடங்களில், உறைக்குள் எந்த மாறியின் பெயரும் நேராக எழுதப்படவில்லை என்பதையும், எழுதப்படும் மாறிகள் யாவும் வெளியீடுகளாக அறிவிக்கப்பட்டுள்ளன என்பதையும், கலைபடுவன யாவும் பட்டியலில் உள்ளன என்பதையும் சரிபார்க்கவேண்டும். சோதனையை ஒரே இழையோடு நிறுத்தாமல், களத்தில் ஓடும் அத்தனை இழைகளோடும், சீர்செய்தலின் உயர்ந்த அளவிலும் நடத்தவேண்டும்.

உள்நாட்டுச் செயலிகளைப் பெருக்கும் நோக்குடன் டிஜிட்டல் இந்தியா ரிஸ்க்-ஃபைவ் திட்டம் 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. புதிய செயலி ஒன்று வரும்போது, அதன் சிறப்புக் கட்டளைகளைக் கம்பைலர் அறிந்துகொள்ளும்வரை இடைச்செருகல்களே அவற்றுக்கு வாயிலாக இருக்கும். எனவே இவ்வரிகளை எழுதுவோர் தொகை நம் நாட்டில் பெருகவே செய்யும். 'இவ்வுறை எதைப் பெறுகிறது, எதைத் தருகிறது, எதைக் கலைக்கிறது' என்ற மூன்று வினாக்களையும் ஒவ்வோர் இடைச்செருகலுக்கும் கேட்டு, விடையை விடுபடாமல் எழுதும் பழக்கம் மாணவப் பருவத்திலேயே அமைவது அவசியமாகும்.